பட்டிவெளியில் வானம்பாடி இறங்கிய வருடம்

1. இடிக்கிற வேலை

நான் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராகப் பதவி உயர்ந்தது சூறாவளிக்குப் பிறகு. எழுபத்தெட்டில் அடித்த அந்தக் காற்றில் எங்கள் கரையோரத்தில் கூரை தப்பிய கட்டடங்கள் குறைவு. அதனால் அடுத்து வந்த வருடங்களில் திணைக்களத்தில் எல்லோருக்கும் கட்டுகிற வேலைதான். என்னோடு பயிற்சி முடித்தவர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வார்டு, தபால் கந்தோர் என்று ஆளுக்கொன்றைப் பொறுப்பெடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படி ஒன்று வரும் என்று இருந்தேன்.

ஒரு காலை எங்கள் இன்ஜினியர் கல்முனைக் கந்தோருக்கு என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். மேசையில் ஒரு பிளானை விரித்து வைத்திருந்தார்.

"பட்டிவெளி தெரியுமோ உமக்கு?"

"தெரியும் சேர். அரைவாசியில நிண்டு போன கட்டடம்தானே."

"அந்த வேலையை உம்மட்டைத் தாறன்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். "எப்ப முடிக்க வேணும் சேர்?" என்று கேட்டேன்.

"முடிக்கிறதில்லை ஐசே. எடுக்கிறது. தூண், அத்திவாரம், கிறவல் ஒண்டும் இருக்கக்கூடாது. முந்தி எப்பிடி இருந்த நிலமோ அப்பிடியே திரும்பக் குடுக்க வேணும்."

பட்டிவெளி என்பது சம்மாந்துறை வயல் வட்டைகளுக்குக் கீழே, கல்முனைப் பக்கமாக ஆற்றோரம் கிடந்த புல்தரை. நெல் விதைக்கும் காலத்தில் மாடுகளை வயலுக்குள் விட முடியாது. அப்போது அக்கம்பக்கத்துப் பட்டிக்காரர்கள் மாடுகளையும் எருமைகளையும் அங்கேதான் ஓட்டிவந்து வைத்திருப்பார்கள். சூறாவளிக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு பெரிய களஞ்சியமும் வாகனம் திருத்தும் பட்டறையும் கட்டத் தீர்மானித்தார்கள். லொறி லொறியாகக் கிறவல் என்ற சரளை மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்தி, அத்திவாரம் போட்டுத் தூணும் எழுப்பினார்கள். பிறகு மேலிருந்து வந்த நிதி நின்றது. ஆட்கள் போய்விட்டார்கள். தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த மாரியில்தான் அதன் தாக்கம் தெரிந்தது. மேலே உள்ள வயல்களின் மழைத்தண்ணீர் முன்பெல்லாம் பட்டிவெளிக்கு மேலாகப் பரந்து ஆற்றில் விழும். இப்போது கிறவல் மேடு அதை மறித்தது. சம்மாந்துறை வயல்களில் கதிர் வெளிவராத குடலைப் பருவத்துப் பயிர் தண்ணீருக்குள் நின்று அழுகியது. அதற்கடுத்த மாரியிலும் அப்படியே. வயல்காரர்கள் கந்தோரை முற்றுகையிடாத குறை. கட்டடத்தை முடிக்க நிதியும் இல்லை, வைத்திருக்க வழியும் இல்லை என்று ஆனபோதுதான் அதை எடுப்பதென்று முடிவானது.

செய்தி பரவியதும் கல்முனைத் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கட்டுகிற ஓவசியரைக் கண்டிருக்கிறோம், இடிக்கிற ஓவசியரை இப்போதுதான் காண்கிறோம் என்று ஒருவர் சொன்னார். எனக்கும் மனம் சரியில்லைதான். ஒரு கட்டடத்தைக் காட்டி, இது நான் செய்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்திருந்தவன் நான்.

2. அந்தோனி அண்ணனும் டோசரும்

டோசர் ஓட்ட எனக்குக் கிடைத்தவர் அந்தோனி. சொறிக்கல்முனைக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால் தலையில் ஒரு சிவப்புத் துவாயைக் கட்டிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தத் துவாய் மட்டும்தான் தெரியும்.

இடிப்பது கட்டுவதைவிட லேசு என்று நினைக்கிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நன்றாகப் போட்ட கொங்கிறீட்டை எடுப்பது போல் சிரமமான வேலை இல்லை. அத்திவாரத்தை டோசர் அசைக்காது. ஆட்கள் அலவாங்கும் பெரிய சுத்தியலும் கொண்டு உடைக்க, கம்பியை அறுத்து எடுக்க, பிறகுதான் டோசர் தள்ளும். உடைந்த கல்லை ரக்டர் இழுக்கும் பெட்டிகளில் ஏற்றி, அரிப்பு விழுந்த வாய்க்கால் கரைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். கம்பிகளை அடுக்கி வைத்தோம். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசிய காலம். சீமெந்துத் தூசு எங்கள் கண்ணிமையில் படிந்து கிடக்கும்.

தூண்கள் போன பிறகு கிறவலைச் சீவ ஆரம்பித்தோம். கிறவலுக்குக் கீழே பழைய மண் இருந்தது. அதைக் கண்டதும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தோனி அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பிக்காசால் ஒரு கொத்துக் கொத்தினார். பிக்காசு துள்ளியது.

"ஓவசியர், லொறி ஓடி ஓடி மண்ண கல்லாக்கிப் போட்டாங்க. இதுக்குள்ள வேர் இறங்காது," என்றார்.

உண்மைதான். வருடக் கணக்கில் பார வாகனங்கள் உருண்ட நிலம் அது. நான் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுநாளே வந்து குந்தியிருந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். மட்டத்தை மட்டும் சரியாக்கிவிட்டுப் போனால் தண்ணீர் வடியும், ஆனால் நிலம் செத்துத்தான் கிடக்கும், அது முந்தி இருந்த நிலம் ஆகாது என்றார். ஆழ உழுது, ஆற்றோர வண்டலைப் பரப்பி, அறுகம்புல்லை வேரும் மண்ணுமாகக் கரணை கரணையாக நட வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அதற்கு உரிய அனுமதியையும் அவரே வாங்கித் தந்தார்.

அவர் சொன்ன இன்னொரு விசயம்தான் பெரிய சிக்கலானது. புல் வேர்பிடிக்கும்வரை, அதாவது அந்த மாரி முழுக்க, ஒரு மாடும் அங்கே கால் வைக்கக்கூடாது. ஈர மண்ணில் குளம்பு பதிந்தால் செய்ததெல்லாம் வீண்.

3. பாத்துமுத்து ராத்தாவின் கேள்வி

பட்டிக்காரர்களுக்காகக் கதைக்க வந்தவர் பாத்துமுத்து ராத்தா. ராத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா. கணவர் மௌத்தான பிறகு எருமைப் பட்டியைத் தானே வைத்து நடத்தியவர். அவருடைய தயிர் கல்முனைச் சந்தைக்கு வந்தால் மற்றவர்கள் தங்கள் சட்டிகளை ஓரமாக நகர்த்திவைப்பார்கள். பட்டிக்காரர்களில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் கந்தோர்க்காரனோடு கதைக்க வேண்டும் என்றால் அவரைத்தான் முன்னுக்கு விடுவார்கள்.

முக்காட்டை இழுத்துவிட்டு, கையில் கம்போடு டோசருக்கு முன்னால் வந்து நின்றார். அந்தோனி அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீங்கதான் புது ஓவசியரா தம்பி?"

"ஓம் ராத்தா."

"கட்ட வந்தவங்களும் இப்பிடித்தான் மிசினக் கொண்டு வந்து நிண்டாங்க. எங்களுக்கு ஒண்டும் விளங்காது. எப்ப மாட்ட விடலாம் எண்டு மட்டும் சொல்லுங்க."

இந்த மாரி கழிய வேண்டும், மழைக்கால நெல்லான பெரும்போகம் அறுவடை முடிந்து, கோடை நெல்லான சிறுபோகத்துக்கு விதைப்புத் தொடங்குகிற நாளில் விடலாம் என்றேன். பின்னால் நின்ற ஆண்கள் முணுமுணுத்தார்கள்.

"கட்டடம் வந்த நாள்ல இருந்து தெருவோரப் புல்லுலதான் மாட்டுக்கு அர வயிறு. இந்த மாரியும் வயலுக்குள்ளயும் விட ஏலா, இஞ்சயும் விட ஏலா. அப்ப எங்கட மாடு என்னத்தத் திண்ணும்?" என்று ராத்தா கேட்டார்.

பிளானில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு அறிவுறுத்தியவர்களும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் பதில் தெரியாது என்று சொன்னேன். ஒரு கிழமை தாருங்கள், பதிலோடு வருகிறேன் என்றேன்.

அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. களவெட்டிகளில் சூடடித்து நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அடித்து முடித்த வைக்கோல் மலை மலையாகக் கிடந்தது. அதில் பெரும் பகுதியை அவர்கள் வழக்கமாகக் கொளுத்திவிடுவார்கள். அந்த வட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் விதானையிடம் விசயத்தைச் சொன்னேன். தண்ணீர் வடிந்தால் பிழைக்கப்போவது உங்கள் வயல், அந்த வடிச்சலுக்காகப் பட்டினி கிடக்கப்போவது பட்டிக்காரர்களின் மாடு, இது நியாயம்தானா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் பள்ளிவாசலில் வயல்காரர்களைக் கூட்டிவைத்துக் கதைத்தார். ஒரு சிலர் மறுத்தார்கள். பட்டிக்காரர்களின் மாடுகள் முன்பு தங்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்த கதைகளையெல்லாம் எடுத்தார்கள். கடைசியில் வைக்கோல் தருவதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஏற்றுக்கூலி யார் தருவது என்ற கேள்வி எழுந்தபோது, உடைந்த கல்லை வாய்க்கால் கரையில் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற என் ரக்டர் பெட்டிகளில் ஏற்றிவிடுங்கள் என்றேன்.

அப்படித்தான் ஒரு பக்கம் கொங்கிறீட் போக, மறுபக்கம் வைக்கோல் வந்தது. முதல் பெட்டி வைக்கோல் இறங்கியபோது பாத்துமுத்து ராத்தா ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பூஞ்சணம் இல்லை என்று தெரிந்ததும் தலையை ஆட்டினார்.

"சரி தம்பி. நாங்க பொறுக்கிறம். ஆனா வாக்கு வாக்காயிருக்கணும். சிறுபோக விதைப்பு தொடங்கின அண்டைக்கி மாட்டோட வந்து நிப்பம்."

"இன்ஷா அல்லாஹ் ராத்தா. அண்டைக்கி நானே கயித்த அவுட்டு விடுவன்," என்றேன்.

4. புல் நட்டது

உழவு மெசின்களைக் கொண்டுவந்து நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதோம். வண்டலைப் பரப்பினோம். கரணை வெட்டவும் நடவும் சொறிக்கல்முனையிலிருந்தும் கல்முனைக் கரையோரத்துக் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கல்முனைப் பெண்களில் பாதிப் பேர் மீன்பிடிக்காரர் வீட்டுக்காரிகள். கடல் கொந்தளிக்கிற காலம் என்பதால் வீட்டில் வருமானம் குறைவு. வாய்க்கால் வரம்புகளில் அறுகைச் சதுரம் சதுரமாக வெட்டி, பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்து, நாற்று நடுவது போல வரிசையாகக் குனிந்து நட்டார்கள். புல்லை நடுகிற கூத்தை எங்கே கண்டோம் என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டே நட்டார்கள்.

வடகிழக்கு மூலையில் கொஞ்சம் கிறவல் மிஞ்சிக் கிடந்தது. அதையும் சீவ வேண்டும் என்று அந்தோனி அண்ணனிடம் சொன்னேன். அவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஆக்காண்டி என்று நாங்கள் சொல்லும் ஆள்காட்டிப் பறவை ஒன்று அந்தக் கிறவலில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இடம் பார்க்கிறது, முட்டை இன்னும் இல்லை, ஆனால் அது வெறும் கல் கிடக்கிற இடத்தில்தான் இடும், எல்லாவற்றையும் புல்லாக்கினால் அதற்கு இடமில்லை என்றார். அந்த மூலை தண்ணீர் ஓடும் பாதைக்கு வெளியே இருந்தது. மட்டம் பார்த்தேன். வடிச்சலுக்கு ஒரு தடையும் இல்லை. இன்ஜினியரிடம் கேட்டேன். "உமக்குத் தண்ணி ஓடினால் எனக்கும் காணும்," என்றார். அந்த மூலையை அப்படியே விட்டோம். அந்த வேலையில் நான் பறவை ஒன்றுக்காக எடுத்த முதல் முடிவு அது. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

5. மாரி

அந்த வருடம் மாரி பலமாகப் பெய்தது. மூன்றாம் நாள் மழையில் நானும் அந்தோனி அண்ணனும் குடையோடு பட்டிவெளிக்குப் போனோம். எங்களுக்கு முன்பே சம்மாந்துறை வயல்காரர் சிலர் வரம்பில் நின்றார்கள். மேலேயிருந்து கலங்கல் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நிற்கவில்லை. நாங்கள் வெட்டிய மட்டத்தில், புதுப் புல்லின் நுனிகளை மெல்லச் சாய்த்துக்கொண்டு, வெளி முழுக்கப் பரந்து ஆற்றுப் பக்கம் இறங்கியது.

விதானை என் கையைப் பிடித்தார். "அல்ஹம்துலில்லாஹ். இந்த வருசம் எங்கட வேளாண்ம தப்பிட்டு," என்றார். நான் அந்தோனி அண்ணனைக் காட்டி, மட்டம் வெட்டிய ஆள் அவர் என்றேன். விதானை அவரையும் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்ததில் இருவருடைய குடையும் தலைகீழாக மடிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு புல் பிடித்தது. கரணைகளுக்கு இடையில் இருந்த இடைவெளி ஒவ்வொரு கிழமையும் குறைந்தது. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பழைய விதைகளும் முளைத்தன. நாங்கள் நடாத புல் வகைகள் எத்தனையோ வந்தன. வைக்கோல் தின்றே மாடுகள் மாரியைக் கடந்தன. மெலிந்துதான் போயின. ஆனால் ஒன்றும் சாகவில்லை. பட்டிக்காரர்கள் ஒருவர்கூடச் சொன்ன சொல்லை மீறவில்லை. அதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

6. வாக்குக் கொடுத்த நாள் நெருங்கியபோது

பெரும்போகம் அறுவடையானது. மாடுகள் சில கிழமைகள் அறுத்த வயல்களில் மேய்ந்தன. பிறகு சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். வயலில் மெசின் இறங்கியது. மாடுகளை வெளியேற்ற வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் நானும் அந்தோனி அண்ணனும் வெளியைக் கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்க்கப் போனோம். புல் முழங்காலுக்கு மேல். ஆற்றோரத்தில் இடுப்பளவு. வடக்குப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு சத்தம். நிறுத்தாமல் கொட்டுகிற, மணி குலுங்குவது போன்ற பாட்டு. அண்ணாந்து பார்த்தேன். வெயில் கூசியதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு புள்ளி தெரிந்தது. ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நின்றது. பாட்டை முடித்ததும் கல் விழுவது போலப் புல்லுக்குள் விழுந்தது.

அந்தோனி அண்ணன் சொன்னார்: "வானம்பாடி. இது மரத்துல கூடு கட்டாது ஓவசியர். புல்லடியில தரையிலதான் கட்டும்."

நாங்கள் மெல்ல நடந்து தேடினோம். ஒரு புற்கற்றையின் அடியில், குளம்புத் தடம் அளவுக்குச் சிறிய குழியில், காய்ந்த புல்லால் ஒரு கிண்ணம். அதற்குள் புள்ளி போட்ட முட்டைகள். சற்றுத் தள்ளி இன்னொரு கூடு. அதில் கண் திறக்காத குஞ்சுகள், எங்கள் நிழல் விழுந்ததும் வாயைப் பிளந்தன. வடக்குப் பக்கம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. மண்நிறக் குருவிகள் வாலை ஆட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடின. எங்கோ ஒரு காடை கத்தியது. நாங்கள் விட்டுவைத்த கிறவல் மூலையில் ஆக்காண்டி முட்டையிட்டிருந்தது. கிட்டப் போனதும் தலைக்கு மேலே வந்து எங்களை ஏசியது.

எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல வார்த்தை இல்லை. அடுத்த கணம் மாடுகள் நினைவுக்கு வந்தன. நாளை மறுநாள் நூற்றுக்கணக்கான குளம்புகள் அந்தப் புல்லில் இறங்கப்போகின்றன. கயிற்றை நானே அவிழ்ப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொறுக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அன்றைக்கு வயலில் விதைப்புத் தொடங்குகிறது. மாடு வயலுக்குள் போனால் பிடித்துக் கட்டுவார்கள். ஒரு மாரி முழுக்கப் பொறுத்தவர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நான் பாத்துமுத்து ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். கொடுத்த வாக்கு வாக்குத்தான், மாட்டைக் கொண்டு வாருங்கள் என்று முதலில் சொன்னேன். பிறகு, வருவதற்கு முன் ஒரு தடவை என்னோடு வந்து பாருங்கள் என்று கேட்டேன். அவர் தயிர்ச் சட்டிகளை மூடிவைத்துவிட்டு வந்தார்.

கூட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஒன்று பாடத் தொடங்கியது. அவர் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"கட்டடம் வந்த பொறகு இந்தக் குருவிய நான் கேக்கவேயில்ல," என்றார்.

"மாட்ட நிப்பாட்டச் சொல்லி நான் கேக்க வரல்ல ராத்தா."

"விளங்குது. மாட்ட நிப்பாட்டவும் ஏலா. ஆனா இவ்வளவு புல்லையும் ஒரே நாளையில திண்டு முடிக்கப் போறதும் இல்லதானே." கம்பை நீட்டித் தெற்குப் பக்கத்தைக் காட்டினார். "அங்கால கூடு இரிக்கா?"

தெற்கில் புல் மிக உயரம். நாங்கள் தேடியவரை அங்கே கூடு இல்லை. அப்படியென்றால் முதலில் தெற்கை மேய்ப்போம், குஞ்சு பறக்கும்வரை வடக்குக்குப் போகமாட்டோம் என்றார் அவர். அன்று பின்னேரம் பட்டிக்காரர்களைக் கூட்டினார். ஒருவர் எழும்பி, குருவிக்காக மாட்டைப் பட்டினி போடுவதா என்று கேட்டார்.

"பட்டினி எண்டு ஆரு சொன்ன?" என்றார் ராத்தா. "தெற்கால இடுப்பளவு புல்லு நிக்கி. இந்தத் தர செத்துக் கிடந்தப்போ நாமளும் வரல்ல, அதுகளும் வரல்ல. இப்ப ரெண்டு பேரும் வந்திரிக்கம். பங்கு போட்டுத் திண்டா என்ன?"

அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே மனிதர் இன்னொன்றைச் சொன்னார். அது சரியான கதை. ஆற்றங்கரை செங்குத்து, மாடு இறங்கிக் குடிக்கத் தண்ணீர் வடக்கில்தான் இருக்கிறது, வாய்க்கால் அந்தப் பக்கம், தாகமெடுத்த மாட்டை எந்தக் கயிறு கட்டியும் நிறுத்த முடியாது என்றார்.

அதைத் தீர்க்க வேண்டியது என் வேலை. தெற்கே ஒரு பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாரியில் கல்முனைக் கந்தோரில் நின்ற டோசரை மறுநாள் சாகாமத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. அங்கே குளக்கட்டு வேலை காத்திருந்தது. நான் இன்ஜினியரின் வீட்டுக்கே போனேன். அவர் சாரமும் பெனியனுமாக வாசலில் நின்றார்.

"டோசரை இன்னும் ஒரு நாள் தாங்க சேர். ஒரு குட்டை தோண்ட வேணும்."

"ஆருக்குக் குட்டை?"

"மாட்டுக்கு சேர்."

"வாய்க்கால் இருக்குத்தானே. மாடு ஏன் தெற்கிலயே நிக்க வேணும்?"

"குருவிக்கு சேர்."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சாகாமத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும், கந்தோரைத் திறந்து தொலைபேசி எடுப்போம் வாரும் என்றார்.

மறுநாள் அந்தோனி அண்ணன் பகல் முழுக்க இறங்காமல் தோண்டினார். சாப்பாட்டைக்கூட இயந்திரத்தில் இருந்தபடியே சாப்பிட்டார். மாலைக்குள் பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. இடித்த கட்டடத்தின் கம்பிகளைப் பட்டிக்காரர்கள் நட்டு, தும்புக் கயிறு கட்டி, வெளியை இரண்டாகப் பிரித்தார்கள். சொன்ன நாளில், சொன்னபடி, வெளி வாசலை மறித்துக் கட்டியிருந்த முன்கயிற்றை நானே அவிழ்த்தேன். எருமைகள் புல்லைப் பார்த்ததும் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, நின்ற இடத்திலேயே மேயத் தொடங்கின. வெகுநேரம் புல் கடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

7. கையளித்தல்

குஞ்சுகள் பறந்த பிறகு நடுக்கயிற்றைப் பட்டிக்காரர்களே எடுத்தார்கள். மாடுகளுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வந்தன. புல் பூத்து விதை பிடித்தபோது தினைக்குருவிகள் கூட்டமாக வந்து தொங்கின. மேய்ந்து கட்டையாகிய தரையில் மண்நிறக் குருவிகள் முன்னைவிட அதிகம். மாடும் குருவியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நான் பயந்திருந்தேன். மாடு மேய்ந்ததால் தரை அவற்றுக்கு இன்னும் நல்லதாக ஆனதை என் கண்ணால் பார்த்தேன்.

வேலையைப் பாரமேற்க இன்ஜினியர் வந்தார். வெளியின் நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தார்.

"கட்டடமெண்டால் சுவரைத் தட்டிப் பாப்பன். நிலைக்கதவைத் திறந்து மூடிப் பாப்பன். இதில நான் எதைப் பாக்கிறது?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார்.

அப்போது எங்கள் காலடிக்குச் சற்று முன்னால் புல்லுக்குள்ளிருந்து வானம்பாடி ஒன்று எழும்பியது. பாடிக்கொண்டே ஏறியது. அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைத்துவிட்டு, வெயில் என்றார்.

"எழுதும் ஐசே. வேலை திருப்தி எண்டு எழுதும்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கட்டினேன். பள்ளிக்கூடங்கள், மதகுகள், ஒரு சந்தைக் கட்டடம். எண்பதுகளின் நடுப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் மோதி எங்கள் பகுதிக்கு வந்த கெட்ட காலத்தில் அவற்றில் சில எரிந்தன. அந்தோனி அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்க்கப் போக முடியாத மாதங்களும் இருந்தன. வழி திறந்ததும் அவர் முதலில் கேட்டது பட்டிவெளியைப் பற்றித்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புல் நின்றது. குட்டையில் எருமைகள் கிடந்தன. மேலே பாட்டுக் கேட்டது. அதைச் சொன்னபோது அவர் என் தோளில் ஒரு அடி போட்டார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு நிலத்தைப் பொறுப்பெடுத்தால், உங்களுக்கு முன் அதில் இருந்தவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்களில் பலர் உங்களிடம் வந்து மனுக் கொடுக்கமாட்டார்கள், நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்டு ஒரு சொல் கொடுத்தால் அதைக் காப்பாற்றுங்கள். கடைசி இயந்திரம் போன பிறகும் ஒரு மாரியும் ஒரு சிறுபோகமும் அங்கே போய் வாருங்கள். போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கண்ணால் கண்ட பிறகு, உங்கள் வேலை முடிந்தது என்று எழுதுங்கள்.